விடியலை அறிந்த இலை

கடுகுக் குடும்பத்துச் சிறுசெடியான அரபிடாப்சிஸின் இலைக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. இச்செடிக்கு அடிச்சாம்பல் நோயைத் தரும் நுண்ணுயிரி இரவில் வித்துகளை உருவாக்கி விடியலில் பரப்பும். செடியோ நோய் தொற்றும் முன்பே, அந்த விடியலை எதிர்பார்த்துத் தன் தற்காப்பு மரபணுக்களை முடுக்கிவிடுகிறது என்பதை 2011-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. வியக்கவைக்கும் நேர்த்தி இது. வெளிச்சம் பட்டதும் விழித்துக்கொள்கிறது, அவ்வளவுதானே என்று கேட்கலாம். அப்படியென்றால் கடிகார மரபணு பழுதான செடியும் அதே வெளிச்சத்தில் அதே அளவு தாக்குப்பிடித்திருக்க வேண்டும்; ஆனால் அச்செடியால் முடியவில்லை.

நாள் முழுதும் காவல் காத்தால் இன்னும் நல்லதல்லவா? இல்லை, தற்காப்புக்குச் செலவாகும் சத்து வளர்ச்சிக்குக் கிடைக்காது. ஆபத்து வரும் வேளையை அறிந்து காப்பதே சிக்கனம். ஓரிடத்தில் வேரூன்றி, ஓட வழியில்லாத உயிருக்குக் காலம் அறிதலே கவசம்.