புழுதியைத் துடைக்கும் எடிட்டிங்

2020 பிப்ரவரி 10 அன்று நெய்வேலிக்கு நன்றி சொல்லி நடிகர் விஜய் போட்ட செல்ஃபி பலருக்கும் நினைவிருக்கும். ‘மாஸ்டர்’ படப்பிடிப்பைப் பார்க்கத் திரண்ட ரசிகர்களோடு, வாகனத்தின் மேலேறி நின்று எடுத்த படம். அந்த ஆண்டு இந்தியாவில் மிக அதிகமாக ரீட்வீட் ஆன பதிவு அதுதான் என்று ட்விட்டர் நிறுவனம் டிசம்பரில் அறிவித்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தூரத்து முகங்கள் வெறும் புள்ளிகள்தான். அதனால் படத்தின் வலிமை ஒன்றும் குறைந்துவிடவில்லை. இருந்தாலும், போடுவதற்கு முன் படத்தைத் தயார்செய்வது வீண்வேலை என்று சொல்லமாட்டேன்.

ஏனென்றால் படத்தை முதலில் கெடுப்பது தளம்தான். 4000-க்கு 3000 பிக்சலில் போன் எடுக்கும் படத்தை இன்ஸ்டாகிராம் 1080 பிக்சல் அகலத்துக்குச் சுருக்குகிறது. அதாவது, ஏறத்தாழ 14 பிக்சல் சேர்ந்து ஒன்றாகிறது. கோப்பின் அளவைக் குறைக்கும் ஜேபெக் முறை அதன்பின் படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகப் பிரித்து, நுண்ணிய வேறுபாடுகளைக் கழித்துக் கட்டுகிறது. நெய்வேலியின் திறந்தவெளிச் சுரங்கத்தில் மணலும் களிமண்ணும் பழுப்பு நிலக்கரியும் அடுக்கடுக்காக நிறம் மாறும் சரிவை எடுத்துப் போடுங்கள். அந்த மெல்லிய மாற்றங்கள்தான் முதல் பலி. தூரத்தில் நிற்கும் பக்கெட் வீல் இயந்திரத்தின் இரும்புச் சட்டங்கள் பிசிறடித்துப் போகும். 1080-க்கு நாமே சுருக்கி, சுருக்கிய பிறகு லேசாக ஷார்ப்பன் செய்தால் இவற்றில் ஓரளவு தப்பும். வரிசை மாறினால் பயனில்லை.

ஷார்ப்பன் செய்வதால் புதிய விவரம் எதுவும் வந்துவிடாது. விளிம்பின் வெளிச்சப் பக்கத்தை இன்னும் வெளுப்பாக்கி, இருண்ட பக்கத்தை இன்னும் கறுப்பாக்குகிறது, அவ்வளவுதான். அளவு மீறினால் அனல்மின் நிலையப் புகைபோக்கியை ஒட்டி வானத்தில் வெள்ளைக் கோடு ஒன்று முளைக்கும். இது அழகுக் குறை, மன்னித்துவிடலாம்.

மன்னிக்க முடியாதது ‘டிஹேஸ்’. படம் திருத்தும் லைட்ரூம் செயலியில் இருக்கும் இந்த வசதி, படத்தில் வெளிறிக் கிடக்கும் பகுதியை மூட்டம் என்று எடுத்துக்கொண்டு, நிறத்தையும் அழுத்தத்தையும் கூட்டிவிடுகிறது. மார்கழிப் பனி எது, சாம்பல் புழுதி எது என்று அதற்குத் தெரியாது. ஊட்டியில் எடுத்த படத்தில் அதனால் பெரிய நட்டமில்லை. நெய்வேலியில் அந்த மூட்டம்தான் செய்தி. டவுன்ஷிப்பின் நிழல் சாலைகள் உண்மையிலேயே அழகானவை, அவற்றைப் பளிச்சென்று காட்டட்டும். சுரங்கத்தை ஒட்டிய கிராமத்துக்காரர்கள் வருடக்கணக்காகப் புகார் சொல்லும் புழுதியை ஒரே இழுப்பில் துடைத்துவிட்டு, நீலவானத்தின் கீழ் ராட்சத இயந்திரம் நிற்பதாகக் காட்டும் படம் எத்தனை லைக் வாங்கினாலும் நெய்வேலியின் படம் ஆகாது. போட்டவர் பொய் சொல்ல நினைத்திருக்கமாட்டார். ஆனால் நூறு பேர் அப்படியே போட்டால், வெளியூர்க்காரர் மனத்தில் பதிவது அந்த வானம்தானே?

இதைவிடக் கவலை தருவது செயற்கை நுண்ணறிவால் தெளிவாக்கும் செயலிகள். அவை இல்லாத விவரத்தை ஊகித்து வரைகின்றன. 2023 ஜூலை 26 அன்று சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில், பரவனாறு மாற்றுக் கால்வாய்க்காக, விளைந்துகொண்டிருந்த நெல்வயலில் சுரங்க நிறுவனத்தின் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கின. பச்சைப் பயிர் நடுவே அவை நின்ற படங்கள்தான் தமிழ்நாட்டையே பேச வைத்தன. அப்படியொரு படம் வாட்ஸ்அப்பில் கைமாறி மங்கி வரும்போது, நல்லெண்ணத்தோடு யாராவது செயலியில் போட்டு மெருகேற்றலாம். பயிரின் தாள்களைச் செயலி தானாக வரைந்துவிட்டால், படமே போலி என்று மறுப்பதற்கு எதிர்த்தரப்புக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடும். இத்தகைய படத்தில் அளவைச் சுருக்குவது தவிர எதிலும் கை வைக்கக்கூடாது என்பது என் கருத்து. எடுத்தவர் மூலக் கோப்பைப் போனில் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். பிறருக்கு அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்காது. எடுத்த தேதியும் நேரமும் கோப்போடு போய்ச் சேரும்.