சும்மா வாசித்தல்: ஜாஸ் கித்தாரும் ஓய்வு நேரத்தின் சாதியும்

“இத எந்த ஊட்டுக்குடா அடிக்கிற?” என்று கேட்டார் சித்தப்பா.

மண்டகப்பட்டுக்கு சைக்கிளில் போய்வரும் தூரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். திண்ணையில் உட்கார்ந்து ஒரே கார்டை முக்கால் மணி நேரமாகத் தட்டிக்கொண்டிருந்தேன். “யாருக்கும் இல்ல சித்தப்பா, சும்மாதான்” என்றேன். “சும்மாவா? சும்மா எவனாவது அடிப்பானா?” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

பதினோரு வருஷமாக ஜாஸ் கித்தார் கற்றுக்கொண்டிருக்கிறேன். இன்னும் சுமாராகத்தான் வாசிக்கிறேன். எந்த மேடையிலும் ஏறியதில்லை, ஏறும் உத்தேசமும் இல்லை. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இது என்ன வேலை என்று கேட்ட நண்பர்களுக்கெல்லாம் ஏதேதோ பதில் சொல்லியிருக்கிறேன். சித்தப்பாவின் கேள்விக்குத்தான் பதில் கிடைக்கவில்லை. அந்தக் கேள்வியை வாசிப்பதற்கான முயற்சிதான் இது.

சித்தப்பா பறையடித்தவர். சாவு வீட்டுக்கும் திருவிழாவுக்கும் ஊர்க்காரர்கள் கூப்பிட்டால் போயாக வேண்டும். காய்ச்சல் என்று சொல்லித் தப்ப முடியாது. கூலி அவர்கள் கொடுத்ததுதான். ஒருநாள் “இனிமே அடிக்க மாட்டோம்” என்று எங்கள் தெருவே சொன்னது. அதற்கான விலையையும் கொடுத்தது. அத்தனை வருஷத்தில் ஒருநாளாவது, சாயங்கால நேரத்தில், தோலைத் தீயில் காய்ச்சி, தன் காதுக்காக மட்டும் அவர் பறையடித்திருப்பாரா? மாட்டார். கடமையாக விதிக்கப்பட்டது பொழுதுபோக்காக இருக்க முடியாது. வீணை பக்தியாகவும் இருந்தது, கல்யாணத்துக்கான தகுதியாகவும் இருந்தது, மத்தியானத்தில் பொழுதைப் போக்கவும் உதவியது. இசைக்கருவிகளுக்குச் சாதி உண்டு என்று நாம் நிறையவே பேசிவிட்டோம். ‘சும்மா’ வாசிப்பதற்கும் சாதி உண்டு என்பதைப் பேசவில்லை.

மார்க்சியத்துக்குள்ளிருந்து இந்த விஷயத்தில் கை வைத்தவர் அடோர்னோ. 1936இல் ஹெக்டர் ராட்வைலர் என்ற புனைபெயரில் ஜாஸைத் தாக்கிக் கட்டுரை எழுதினார். அதன் சுதந்திரம் பாவனை, மீறுவதுபோல் மீறிக் கடைசியில் அடிப்படைத் தாளத்துக்கே வந்து அடங்கிவிடுகிறது என்பது அவரது குற்றச்சாட்டு. 1969இல், இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் ஆற்றிய வானொலி உரையில் பொழுதுபோக்கைத் தாக்கினார். தனக்குப் பொழுதுபோக்கு எதுவும் கிடையாது என்றார். ஓய்வு நேரம் உழைப்பு நேரத்தின் நிழல், மறுநாள் வேலைக்கு ஆளைத் தயார் செய்வதற்கான இடைவெளி என்பது வாதம். ஆக, ஜாஸைப் பொழுதுபோக்காக வாசிக்கிறவன் அவர் கணக்கில் இரட்டைக் குற்றவாளி.

அவர் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் தன் வேலையைத் தானே தேர்ந்துகொள்ளும் அபூர்வமான வாய்ப்பு தனக்குக் கிடைத்தது என்று அதே உரையில் ஒப்புக்கொள்கிறார். படிப்பும் இசையும் எழுத்தும் வேலையாகவே வாய்த்தவருக்குப் பொழுதுபோக்கு எதற்கு? வேலையே விதிக்கப்பட்டவர்களின் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு மாறுகிறது.

ஜாஸின் முன்கதையிலேயே இது இருக்கிறது. நியூ ஆர்லியன்ஸில் அடிமைகள் கூடுவதற்கு ஞாயிற்றுக்கிழமையை மட்டும், மேயர் குறிக்கும் இடத்தில் மட்டும் அனுமதித்து 1817இல் சட்டம் போட்டார்கள். அப்படி அமைந்த இடம்தான் காங்கோ சதுக்கம். அங்கிருந்து ஜாஸ் நேராகப் பிறந்தது என்று சொல்வது எளிமைப்படுத்தல். ஆனால் ஆறு நாள் எஜமானனுக்குச் சொந்தமான உடம்பு ஏழாவது நாள் தனக்காகத் தாளம் போட்டதன் நினைவு அந்த இசைக்குள் ஓடுகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமையை ‘மறுநாள் வேலைக்கான தயாரிப்பு’ என்று சுருக்கிவிட முடியுமா? எஜமானன் அப்படி நினைத்துத்தான் அனுமதித்திருப்பான். ஆடியவர்களும் அப்படியே நினைத்தார்கள் என்று யார் சொன்னது?

கித்தாருக்கு வருவோம். ஆரம்பகால ஜாஸ் குழுக்களில் கித்தார் தாளம் போடும் வேலைக்காரன். ஊது கருவிகளின் சத்தத்தில் அது யார் காதிலும் விழாது. 1939இல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்த கறுப்பின இளைஞர் சார்லி கிறிஸ்டியன் மின்சாரக் கித்தாரில் தனியாவர்த்தனம் செய்து அந்த நிலையை மாற்றினார். 1942இல் காசநோயில் இறந்தபோது அவருக்கு வயது 25. அவருடைய இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டவர் இண்டியானாபொலிஸ் நகரத்து வெஸ் மான்ட்கோமரி. இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. பகலில் தொழிற்சாலை வேலை, ராத்திரியில் கிளப்பில் வாசிப்பு. அக்கம்பக்கத்தார் தூக்கம் கெடக் கூடாது என்றுதான் கம்பியைக் கட்டை விரலால் மெதுவாக மீட்டத் தொடங்கினார் என்று சொல்லப்படுகிறது. ஜாஸ் கித்தாரின் மிக அழகான தொனி, அடுத்த வீட்டுக்காரனும் காலையில் வேலைக்குப் போக வேண்டியவன் என்ற கரிசனத்தில் பிறந்தது! 1830களின் பிரெஞ்சுத் தொழிலாளிகள் தூங்க வேண்டிய இரவுகளைத் திருடிக் கவிதையும் தத்துவமும் எழுதியதை ரான்சியர் 1981இல் வெளியான தம் நூலில் விவரிக்கிறார். வெஸ்ஸின் கட்டை விரலும் அந்த இரவுகளைச் சேர்ந்ததுதான்.

சரி, கற்றுக்கொள்வது என்றால் என்ன? ‘இளைய நிலா’வை (1982) வாசிக்க ஆசைப்பட்டுத்தான் எங்கள் பக்கத்தில் பலரும் கித்தாரைத் தொடுகிறார்கள், நானும் அப்படித்தான். ஜாஸில் முதலில் இரண்டு–ஐந்து–ஒன்று என்ற கார்டு வரிசையைப் பழக வேண்டும். சி சுருதியில் டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன். ஒவ்வொன்றிலும் நான்கு ஸ்வரம். ஆனால் நான்கையும் அமுக்க வேண்டியதில்லை, இரண்டு போதும். முதல் கார்டுக்கு மவும் சவும். ச ஒரு ஃப்ரெட் இறங்கி நி ஆனால் இரண்டாவது கார்டு. ம ஒரு ஃப்ரெட் இறங்கி க ஆனால் மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் நகர்வது ஒரே ஒரு விரல். கார்டுக்குப் பெயர் கொடுக்கும் மூல ஸ்வரத்தை வாசிக்காமலே விட்டுவிடலாம், காது அதைத் தானே நிரப்பிக்கொள்ளும். கல்பனாஸ்வரம் பாடுகிறவர் ஒரு ராகத்துக்குள் நின்று விரிக்கிறார். ஜாஸ் வாசிக்கிறவனுக்குக் கீழே தரை நகர்ந்துகொண்டேயிருக்கிறது, நேற்றுப் பொருந்திய ஸ்வரம் அடுத்த வரிசையில் இடறும். இது விரலுக்குப் புரிய எனக்கு மூன்று வருஷம் பிடித்தது. அந்த மூன்று வருஷத்தையும் வீண் என்று நான் எண்ணவில்லை.

கேட்கிற இசை வேறு, வாசிக்கிற இசை வேறு என்று 1970இல் எழுதினார் ரொலான் பார்த். இரண்டாவது கையின் இசை. அதை வாசித்துவந்த அமெச்சூர் மறைந்து, நிபுணனும் கேட்பவனும் மட்டுமே மிஞ்சிவிட்டார்கள் என்பது அவர் கவலை. நம் சூழலிலும் கித்தார் என்றால் நிபுணனாகும் பாதைதான் தெரிகிறது. ராணிப்பேட்டையில் பிறந்த பிரசன்னா ஐ.ஐ.டி.யிலும் பெர்க்லியிலும் படித்து, கர்நாடக இசையையும் ஜாஸையும் கித்தாரில் கொண்டுவந்தவர். 2010இல் செய்யூர்ப் பக்கம் தொடங்கப்பட்ட சுவர்ணபூமி இசைப் பள்ளிக்குத் தலைமை ஏற்றார். இவையெல்லாம் பெரிய காரியங்கள்தான். ஆனால் நிபுணனாக மாட்டேன் என்று தெரிந்தே ஆயுள் முழுக்கக் கற்கிறவனுக்கு நம் பேச்சில் இடமில்லை.

மண்டகப்பட்டுக் குடைவரைக்கு ஒருநாள் கித்தாரோடு போனேன். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் வெட்டுவித்தது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சாந்து இல்லாமல் பிரமன், ஈசுவரன், விஷ்ணுவுக்கு விசித்திரசித்தன் அமைத்த கோயில் என்கிறது அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு. விசித்திரசித்தன் என்றால் விநோத மனசுக்காரன். நாடகம் எழுதினான், கல்லில் சோதனை செய்தான். நம்மிடம் பதிவாகியிருக்கும் பழைய ‘பொழுதுபோக்காளர்’களில் ஒருவன் இவன். ராஜாவின் விநோதம் வரலாறாகிறது. உளி பிடித்தவன் பெயர் அந்தக் கல்வெட்டில் இல்லை, அவனுக்கு விநோத மனசு இருந்ததா என்றும் யாரும் கேட்டதில்லை. மகேந்திரனுக்குச் சங்கீர்ணஜாதி என்றும் ஒரு பட்டம். இசையறிஞர்கள் அதைத் தாளத்தோடு சேர்த்து வாசிக்கிறார்கள். சங்கீர்ணம் என்றால் கலப்பு. அரண்மனையில் அது பட்டம். சேரியில் அதே அர்த்தம் கொண்ட சொல் வசை.

இதையெல்லாம் எழுதும்போது எனக்கு எதிராகவும் சிலது சொல்ல வேண்டியிருக்கிறது. பொழுதுபோக்கைச் சந்தை விழுங்கிவிட்டது. கம்பி, பெடல், இணைய வகுப்பு என்று வாங்கிக்கொண்டே இருக்கலாம், வாசிக்கவே வேண்டாம். அங்கே அடோர்னோ ஜெயிக்கிறார். இன்னொன்று: நான் திண்ணையில் முக்கால் மணி நேரம் உட்கார முடிகிறது என்றால் அந்த நேரத்தில் அடுப்படியில் அம்மா நிற்கிறாள். காலையில் நூறுநாள் வேலைக்குப் போய்வந்த அம்மா. என் ‘சும்மா’ அவளிடமிருந்து எடுத்தது. இதை மறைத்துவிட்டுப் பேசும் ஓய்வின் அரசியல் ஆம்பளைகளின் அரசியல்தான்.

கடைசியாக நம்மைப் பற்றி. 2018 ஜனவரியில் சென்னையில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல் நிகழ்ச்சியை நடத்தியது. கானாவும் கித்தாரும் ஒரே மேடையில் நின்றதைக் கேட்டு மனம் நிறைந்தவன் நான். கலை இரவுகளில் பறை விடுதலையின் கருவியாக முழங்குவதிலும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அப்படியொரு விழாவுக்காகத் தோழர்கள் சித்தப்பாவைக் கூப்பிட வந்தபோது, “அப்ப ஊருக்கு அடிச்சேன், இப்ப உங்களுக்கு அடிக்கணுமா?” என்றார் அவர். தோழர்கள் வருத்தப்பட்டார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள்: இழிவின் கருவி என்றோம், பிறகு எதிர்ப்பின் கருவி என்றோம். இரண்டிலும் அவர் யாருக்காகவோதான் அடிக்க வேண்டியிருக்கிறது. ஒன்றுக்கும் உதவாமல், எதையும் நிரூபிக்காமல், தன் காதுக்காக மட்டும் வாசிக்கும் உரிமையை நம் கோரிக்கைப் பட்டியலில் நாம் எழுதியதே இல்லை.

போன வாரம் சித்தப்பா திண்ணைக்கு வந்தார். கித்தாரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஒரு கம்பியை மட்டும் கொஞ்ச நேரம் மீட்டிக்கொண்டிருந்தார். பறையடிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. இனியும் கேட்க மாட்டேன். திருப்பிக் கொடுக்கும்போது, “நாளைக்கும் வர்றேன்” என்றார். எதுக்கு என்று கேட்டேன்.

“சும்மாதான்” என்றார்.