முகமில்லாத திறை

வரியைப் பற்றித் தமிழ் இலக்கியம் என்றும் வாய்மூடி இருந்ததில்லை. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்க அதிகாரிகள் பண்டங்களில் புலி இலச்சினை பொறித்ததைப் பட்டினப்பாலை காட்டுகிறது. பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் கூறிய அறிவுரை புறநானூற்றின் 184ஆம் பாட்டாக நிலைத்துவிட்டது. விளைந்ததை அறுத்து முறையாக ஊட்டினால் சிறு நிலமும் யானைக்குப் பல நாள் உணவாகும்; யானையே வயலில் புகுந்தால் தின்பதினும் அழிவதே மிகுதி என்பது அதன் கருத்து. வன்னி மக்களுக்கு இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை. யானை வயலில் இறங்குவதை இன்றும் அவர்கள் காண்கிறார்கள். அவர்களை ஆண்ட வன்னியர்கள் போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் திறையாகச் செலுத்தியதும் யானைகளையே.

அந்தத் திறைக்கு ஒரு முகம் இருந்தது. கேட்பவன் யார், கொடுப்பவன் யார் என்பது ஊரறிந்த செய்தி. இன்றைய விற்பனை வரிக்கு முகமில்லை. நம் சிறுகதைகளில் வட்டிக்காரர் வருகிறார். நெல்லுக்கு விலை குறைக்கும் தரகர் வருகிறார். சவர்க்காரக் கட்டியின் விலைக்குள் ஒளிந்திருக்கும் வரி மட்டும் வருவதில்லை. வறுமையை எழுதுவதாகச் சொல்லும் நம் யதார்த்த இலக்கியத்தின் பெருங்குறை இது.

இலங்கையில் 1998 ஏப்ரலில் பொருள் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. 2002 ஓகஸ்ட்டில் அதன் இடத்தைப் பெறுமதி சேர் வரி பிடித்தது. 2019 டிசம்பரில் 8 சதவீதமாகக் குறைக்கப்பட்ட இவ்வரி, 2022இல் முதலில் 12, பின்னர் 15 எனவும், 2024 சனவரியில் 18 எனவும் உயர்ந்தது.

இது இயங்கும் முறையைப் பார்ப்போம். ஓர் ஆலை 100 ரூபாப் பொருளை 18 ரூபா வரியுடன் மொத்த வியாபாரிக்கு விற்கிறது. அவர் அதை 150 ரூபாவுக்கு விற்று 27 ரூபா வரி அறவிடுகிறார். தாம் ஏற்கெனவே கொடுத்த 18ஐக் கழித்து, 9 ரூபாவை மட்டும் அரசுக்குச் செலுத்துகிறார். வரிக்குப் பதிவு பெற்ற வணிகர் எவரும் இவ்வாறு கழித்துக்கொள்ளலாம். ஆகவே வணிகர் வரியைச் சுமப்பவரல்லர், கைமாற்றுபவரே. கழிப்பதற்கு வழியில்லாத கடைசி ஆள், நுகர்வோர், முழுவதையும் சுமக்கிறார்.

மாங்குளத்துச் சிறு கடைக்காரரை எடுத்துக்கொள்வோம். அவருடைய விற்பனை பதிவுக்குரிய எல்லையை எட்டுவதில்லை. எனவே அவர் வரி அறவிடவும் முடியாது, கழிக்கவும் முடியாது. 177 ரூபாவுக்கு வாங்கிய அப்பொருளுக்கு 50 ரூபா சேர்த்து 227க்கு விற்கிறார். பற்றுச்சீட்டில் வரி என்ற சொல்லே இல்லை. ஆயினும் 27 ரூபா அங்கே இருக்கிறது. கூலிக்காரப் பெண் கடைக்காரரைக் கொள்ளைக்காரர் என்று ஏசுகிறார். ஏச்சை வாங்குபவரும் ஏசுபவரும் ஒரே வரியைச் சுமப்பவர்கள் என்பதை இருவருமே அறியார்.

உழவரின் நிலை இன்னும் விசித்திரமானது. நெல்லுக்கு வரிவிலக்கு உண்டு என்பர். ஆனால் 2024 சனவரியில் டீசல் விலக்குப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இரணைமடுக் குளத்தின் கீழ் காலபோகம் செய்பவர் உழவு இயந்திரத்துக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் எரித்த டீசலின் வரியை எவரிடமும் திரும்பக் கோர முடியாது. ஏற்றுமதியாளருக்கோ பூச்சிய வீதம். அவர் கொடுத்த வரியை மீளப் பெறலாம். விலக்கு என்ற இனிய சொல் உழவருக்கு ஒன்றையும், ஏற்றுமதியாளருக்கான பூச்சியம் வேறொன்றையும் தருகிறது. சொற்களைத் திறனாய்வு செய்வது நம் தொழிலாயின், இச்சொற்களிலிருந்தே தொடங்கலாம்.

2002இல் போர்நிறுத்தத்தின் பின் ஏ9 பாதை திறந்தபோது, கொழும்பு அரசின் வரியைச் சுமந்து வந்த பொருள்களுக்கு வன்னியில் விடுதலைப் புலிகளும் வரி விதித்தனர். இரண்டு அதிகாரங்கள் ஒன்றையொன்று ஏற்க மறுத்தன. இரண்டின் வரியையும் கடைசியில் கொடுத்தது ஒரே குடும்பம். 2009இன் பின் வெறுங்கையுடன் மீண்ட மக்கள் பானை முதல் கூரை வரை புதிதாக வாங்கினர். உள்ளவர் பழுதுபார்க்கும் இடத்தில் இழந்தவர் வாங்க வேண்டியிருக்கிறது. வாங்குபவரையே இவ்வரி தேடி வருகிறது.

வரியே வேண்டாம் என்பது முற்போக்கு வாதம் ஆகாது. இலவசக் கல்வியும் அரசாங்க மருத்துவமனையும் வரியில்தான் நிற்கின்றன. யாரிடம் பெறுவது என்பதே கேள்வி. 2019ஆம் ஆண்டின் முடிவுகள் வருமான வரியையும் குறைத்தன. பதிவு எல்லையை ஆண்டுக்கு 300 மில்லியன் ரூபாவாக உயர்த்திப் பல வணிகங்களை வரியிலிருந்து விடுவித்தன. 2022இல் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என அறிவித்தது. சர்வதேச நாணய நிதியத்தின் திட்டத்தின் கீழ் வருவாயைக் கூட்ட வேண்டியபோது, 18 சதவீதம் எல்லோர் தலையிலும் விழுந்தது. செல்வரின் வயிறும் ஏழையின் வயிறும் ஏறக்குறைய ஒன்றே, வருமானமோ ஒன்றன்று. வருமானம் முழுவதையும் செலவிட்டே வாழ்பவருக்கு இது பெருஞ்சுமை. சேமிக்க முடிந்தவருக்குச் சிறுசுமை.

ஆசிரியர்கள் ஒரு பற்றுச்சீட்டை வகுப்புக்குக் கொண்டுசென்று இக்கணக்கை மாணவர்களுடன் போட்டுப் பார்க்கலாம். எழுத்தாளர்கள் அந்தக் கூலிக்காரப் பெண்ணுடன் கடைவரை நடந்து செல்லலாம். பிசிராந்தையார் யானையைச் சுட்டிக்காட்டினார். நாம் அது புகுந்த வழியையாவது காட்ட வேண்டாமா?