கோணல் கொம்பும் கழித்தல் கணக்கும்

நான் வேட்டைக்காரன் இல்லை. துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. ஆனாலும் கொஞ்ச நாளாக அமெரிக்க மான் வேட்டைக்காரர்கள் எழுதுவதைத் தேடித்தேடிப் படிக்கிறேன். காரணம் கொம்பு. இரலையின் கொம்பு உதிராது. மானின் கொம்பு வருஷா வருஷம் உதிர்ந்து புதிதாக முளைக்கும். எங்கள் பாஷையில் சொன்னால் வருஷத்துக்கு ஒரு ரிலீஸ். சில ரிலீஸ் கோணலாக வந்துவிடும். அந்தக் கோணலை அவர்கள் பார்க்கும் விதத்தோடுதான் எனக்குத் தகராறு.

முதலில் அவர்கள் கணக்கு. 1887-ல் தியோடர் ரூஸ்வெல்ட் முன்நின்று தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கிளப், கொம்பை அளக்கும் முறை ஒன்றை 1950-ல் கொண்டுவந்தது. வெள்ளைவால் மானுக்கு அதில் இரண்டு பிரிவு: டிப்பிக்கல், நான்-டிப்பிக்கல். கிளைகளின் நீளம், தண்டின் சுற்றளவு, நடுவிலுள்ள அகலம் எல்லாவற்றையும் அங்குலத்தில் அளந்து கூட்டுவார்கள். இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழிப்பார்கள். இடம் தப்பி முளைத்த கிளை டிப்பிக்கலில் கழித்தல். நான்-டிப்பிக்கலில் அதே கிளை கூட்டல்!

1993-ல் கனடாவின் சஸ்காட்செவனில் மைலோ ஹான்சன் சுட்ட மான் 213 5/8 பெற்று டிப்பிக்கலில் உலக சாதனை ஆனது. 1981-ல் மிசௌரியில் செத்துக் கிடந்த ஒரு மானின் கொம்புக்கு நான்-டிப்பிக்கலில் 333 7/8. தாறுமாறாகக் கிளைத்த கொம்பு அது. அதைக் குறை என்று யாரும் சொல்லவில்லை.

கழித்தல் வேட்டைக்காரர்களிலேயே பலருக்குப் பிடிக்காது. ‘நெட் மீன் பிடிக்கத்தான்’ என்று ஒரு கிண்டல் அவர்களிடம் உண்டு. கழித்தது போக மிஞ்சும் எண்ணும் நெட், வலையும் நெட். மான் வளர்த்துக் காட்டியதை நாம் ஏன் கழிக்கணும் என்பது அவர்கள் கேள்வி. நானும் அந்தக் கட்சிதான்.

இது காகிதத்தோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் சின்னக் கொம்பு கோணினால் தீர்ப்பே வேறு. ‘பரம்பரை சரியில்லை, களையெடு’ என்பார்கள். முதல் கொம்பு கிளைக்காமல் ஒற்றை ஈட்டி மாதிரி வந்த இளசுகளுக்கும் டெக்சாஸ் பக்கம் ரொம்ப நாள் இதே கதிதான். பெரிய கோணல் என்றால் அதிசயம், சின்னக் கோணல் என்றால் கழிவு. அப்படியென்றால் இங்கே பிரச்சினை கோணல் இல்லை, சைஸ்தான்.

கோணல் ஏன் வருகிறது? பெரும்பாலும் அடிபடுவதால். கொம்பு முளைக்கும் அடித்தண்டில் காயம் பட்டால் அந்தப் பக்கம் திரிந்து வளரும். பின்னங்காலில் அடிபட்டால் பல சமயம் எதிர்ப்பக்கக் கொம்பு கோணுகிறது. டெஸ்டோஸ்டிரோன் குறைந்துபோனால் மேல்தோல் உரியாமலே கண்டபடி வளரும். வயதும் தீனியும்கூடக் கொம்பை மாற்றும். இதில் எதுவும் குட்டிக்குப் போய்ச் சேராது.

பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. டெக்சாஸின் கெர் வனவிலங்குப் பகுதியில் மான்களை அடைத்து ஒரே தீனி போட்டு வளர்த்துப் பார்த்தார்கள். ஈட்டிக் கொம்போடு தொடங்கியவை பின்னாளிலும் சராசரியில் பின்தங்கின. ஆனால் அது பட்டியில் நடந்தது. தெற்கு டெக்சாஸின் கொமான்சி பண்ணையில், வெளியில் திரியும் மான்களைப் பிடித்து அளந்து, தேறாதவற்றைப் பல வருஷம் களையெடுத்தும் பார்த்தார்கள். கொம்பு பெரிதாகவில்லை. யோசித்தால் ஆச்சரியமில்லை. குட்டிக்குப் பாதி ஜீன் தாயிடமிருந்து வருகிறது. தாய்க்கோ பொதுவாகக் கொம்பே கிடையாது. எதைப் பார்த்துக் கழிப்பது?

வேட்டைக்காரர்களைக் குறை சொல்லிவிட்டு நான் நழுவ முடியாது. சில வருஷத்துக்கு முன் ஒரு டீமை நடத்திக்கொண்டிருந்தேன். காலேஜ் முடித்த கையோடு வந்த பையன் ஒருவன் தொடர்ந்து டெட்லைன் தவறினான். முதல் வருஷ அப்ரைசலிலேயே அவனுக்குக் கடைசி ரேட்டிங் போட்டேன். ‘சரக்கு அவ்வளவுதான்’ என்று மேனேஜரிடமும் சொன்னேன். அந்த வருஷம் முழுக்க அவன் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார் என்பது அவன் வேலையை விட்டுப் போன பிறகுதான் தெரிந்தது. நான் கேட்கவே இல்லை.

பின்னங்காலில் அடிபட்டால் எதிர்ப்பக்கக் கொம்பு கோணும் என்று படித்த ராத்திரி அவன் ஞாபகம்தான் வந்தது. கொம்பு கோணிய மானைப் பார்க்கும் வேட்டைக்காரர் அது நொண்டுகிறதா என்றும் ஒருமுறை பார்க்கலாம். அடுத்த அப்ரைசல் படிவத்தைத் திறக்கும்முன் நான் செய்ய வேண்டியதும் அதேதான்.