கட்டத்துக்குள் ஒரு பால்மரம்

நோனோகிராம் ஆடியவர்களுக்குத் தெரியும். வெற்றுக் கட்டங்கள், மேலேயும் இடப்பக்கமும் எண்கள். ஒரு வரிசைக்கு '3 1' என்று இருந்தால் தொடர்ந்து மூன்று கட்டங்கள் கறுப்பு, குறைந்தது ஒரு கட்டமாவது இடைவெளி, பிறகு ஒரு கட்டம் கறுப்பு. வரிசை எண்களையும் நிரல் எண்களையும் ஒப்பிட்டுக்கொண்டே போனால் கடைசியில் ஒரு படம் வந்து நிற்கும். கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரல் வரைக்கும் கொமியூட்டரில் வருகிறவர் இரண்டு மூன்றைத் தாராளமாக முடித்துவிடலாம்.

ஆனால் அந்தக் கடைசிப் படத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. புதிர் கஷ்டமா, சுலபமா என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. விடையே படமாக இருக்கும் ஒரு வடிவத்தில் படத்தை விமர்சிக்காமல் வேறு எதை விமர்சிப்பது?

இந்தப் புதிர் பிறந்ததே படத்திலிருந்துதான். 1987இல் நோன் இஷிடா என்ற ஜப்பானிய வரைகலைஞர், உயரக் கட்டடத்தின் விளக்குகளை ஏற்றியும் அணைத்தும் படம் அமைத்து தோக்கியோவில் ஒரு போட்டியில் வென்றார். ஏறக்குறைய அதே காலத்தில் தெட்சுயா நிஷியோ என்ற புதிர் வல்லுநரும் தனியாக இதே வடிவத்தைக் கண்டுபிடித்தார். 1990இல் பிரிட்டனின் 'சண்டே டெலிகிராப்' இவற்றை வாராவாரம் வெளியிடத் தொடங்கியது. 'நோனோகிராம்' என்று பெயர் வைத்தவர் ஜேம்ஸ் டால்கெட்டி. நோன் என்ற பெயரிலிருந்து எடுத்ததுதான் அது. வடிவத்தின் பெயரிலேயே படம் வரைந்தவர் இருக்கிறார். இன்றைய செயலிகள் பலவற்றில் படம் வரைந்தவரின் பெயரை எங்கே தேடினாலும் கிடைக்காது.

ஏன் இப்படி ஆனது? தர்க்கம்தான் அரிய சரக்கு, படம் சும்மா கிடைக்கும் என்று நினைக்கிறார்கள். கணக்கு இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. 5க்கு 5 கட்டத்தை நிரப்ப 3,35,54,432 வழிகள் உண்டு. அவற்றில் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டவை ஒரே விடை கொண்ட செல்லுபடியான புதிர்கள். முக்கால் பங்கு! கணினியிடம் கேட்டால் கொட்டிக்கொண்டே இருக்கும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை வெறும் புள்ளிக் குவியல். பார்த்ததும் "அட, இதுவா!" என்று சொல்லவைப்பவை மிகச் சில. அந்தச் சிலவற்றுக்குத்தான் ஆள் வேண்டும்.

ஆள் தேடாதவர்கள் என்ன செய்கிறார்கள்? குடை, பூனை, நங்கூரம், காப்பிக் கோப்பை என்று சுற்றிச் சுற்றி அதே படங்கள். கைப்பிடி தெரிந்ததுமே கோப்பை என்று தெரிந்துவிடுகிறது, மீதியை யோசிக்காமலே நிரப்பிவிடலாம். இல்லையென்றால் ஒரு புகைப்படத்தை எடுத்து 20க்கு 20 ஆகச் சுருக்கிவிடுகிறார்கள். மென்பொருளுக்கு வெளிச்சமும் நிழலும் தெரியும், மூக்கு எது என்று தெரியாது. எதை விடலாம், எதை விடவே கூடாது என்ற தேர்வு அங்கே நடக்கவில்லை. ஓவியம் என்பது அந்தத் தேர்வுதானே.

நம் ஆட்களுக்கு உடனே தோன்றுவது கோலம். தீபாவளி நேரத்தில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போனால் வண்ண அரிசிக் கோலங்கள் கண்ணில் படும், படம் பிடித்துக் கட்டத்தில் போட்டால் ஆயிற்று என்று நினைப்பார்கள். கோலத்துக்கும் கணினிக்கும் உறவு புதிதல்ல. கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலங்களைக் கணினி இலக்கணமாக ஆராய்ந்த கட்டுரை 1974இலேயே வந்துவிட்டது. ஆனாலும் படப் புதிருக்குக் கோலம் அவ்வளவாகப் பொருந்தாது. நான்கு பக்கமும் ஒத்திருக்கும் கோலத்தில் கால்வாசி தெரிந்தால் முழுவதும் தெரிந்த மாதிரிதான். வாசலில் அழகாக இருக்கும் அந்தச் சமச்சீர், புதிரில் ஆர்வத்தைக் கொன்றுவிடும்.

இன்னொன்றும் உண்டு. கோலம் என்ற மரபு எல்லாருக்கும் பொது. ஒரு அக்கா ராத்திரி முழுக்க உட்கார்ந்து புதிதாக வகுத்துப் போட்ட கோலம் பொதுச்சொத்து இல்லை. மலேசியாவின் பதிப்புரிமைச் சட்டமும் அதே 1987ஆம் ஆண்டுச் சட்டம்தான். ஓவியத்தின் உரிமை, வரைந்தவர் வாழும் காலம் முழுக்கவும் அதற்குப் பிறகு 50 ஆண்டுகளும் இருக்கும். 'சுருக்கினால் யாருக்குத் தெரியப்போகிறது' என்பது ஒரு பதிலே அல்ல.

அப்படியானால் அசலான படம் எங்கிருந்து வரும்? பொருளையும் தெரிந்து கட்டத்தையும் தெரிந்த ஒருவரின் கையிலிருந்துதான் வர முடியும். ஒரு உதாரணம் சொல்கிறேன். பால்மரத்தை வரைய வேண்டும். வெட்டு இடது மேலிருந்து வலது கீழாகச் சரியும், அதன் முனையில் மங்கு. இந்தச் சரிவை 5க்கு 5 கட்டத்தில் மூலைவிட்டமாக ஒற்றைக் கறுப்புக் கோடாகப் போட்டால் எல்லா வரிசைக்கும் '1', எல்லா நிரலுக்கும் '1'. இந்த எண்களுக்கு 120 விடைகள் உண்டு. புதிர் செத்தது.

இப்போது மரத்தின் உடலைக் கறுப்பாக்கி வெட்டை வெள்ளையாக விடுங்கள். மேலே ஒரு முழு வரிசை, கீழே ஒரு முழு வரிசை. ஏழு வரிசை, ஐந்து நிரல். நிரல்களின் எண்கள் '1 5', '2 4', '3 3', '4 2', '5 1' என்று வரும். ஒவ்வொன்றும் இடைவெளியோடு சேர்த்துச் சரியாக ஏழு. ஒரே விடைதான். பெரிய கட்டத்தில் ஒரு பகுதியாக வைத்தால்தான் இது சவாலாகும், அது வேறு. வெட்டு என்பது பட்டையைச் சீவி எடுத்த இடம். அதை இல்லாமையாக வரைவதுதான் மரத்துக்கும் உண்மை, புதிருக்கும் சரி. தோட்டத்தை விட்டுவந்து மூன்றாம் தலைமுறையாக அடுக்குமாடியில் வாழும் நம்மில் எத்தனை பேருக்கு வெட்டு எந்தப் பக்கம் சரியும் என்று தெரியும்? படக் களஞ்சியத்தில் விலைக்கு வாங்கும் சித்திரத்துக்கு அது தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

தமிழுக்கு இந்தப் பிரச்சினை பழசு. தண்டியலங்காரம் பேசும் சித்திரகவிகளில் எழுத்துகள் சக்கரத்திலும் நாகத்திலும் கட்டங்களிலும் அடைக்கப்பட்டன. விதி நிறைவேறியது, கவிதை எங்கே என்ற கேள்வி மட்டும் அவற்றை விட்டுப் போகவே இல்லை. படப் புதிரையும் அதே கேள்வியோடுதான் படிக்க வேண்டும். எண்கள் சரியாக இருப்பது குறைந்தபட்சத் தகுதி, அதற்குப் பாராட்டு தேவையில்லை.

இங்கே ஓவியம் படித்துவிட்டு வேறு வேலை பார்க்கும் இளைஞர்கள் நிறைய இருக்கிறார்கள். தமிழில் படப் புதிர்ப் புத்தகமோ செயலியோ செய்ய நினைக்கும் என்னைப் போன்ற பொறியாளர்கள் நிரல் எழுதுவதற்கு முன்னால் அவர்களிடம் போகட்டும். கட்டத்தாளைக் கொடுத்து, கூலி பேசி, முன்பணம் கொடுத்து வரையச் சொல்லட்டும். கடைசிக் கட்டம் கறுப்பானதும் படத்துக்குக் கீழே வரைந்தவரின் பெயர் வரட்டும். அதற்கு ஒரு வரி இடம் போதும்.