பதினைந்தில் சம்மதம், இருபத்திரண்டில் கோப்பை

அமெரிக்காவில் ஜூன் 15 பிறக்கும் நள்ளிரவில், பத்தாம் வகுப்பை முடித்த வாலிபால் மாணவிகள் பலர் தூங்குவதில்லை. செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். முதல் பிரிவுப் பல்கலைக்கழகங்களின் பயிற்சியாளர்கள் ஒரு மாணவியிடம் நேரடியாகப் பேச, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அனுமதிக்கும் முதல் நாள் அதுதான். ஆகஸ்ட் 1 முதல் கல்லூரியே செலவு செய்து வளாகத்துக்கு அழைத்துப் போய்க் காட்டலாம். அடுத்த சில வாரங்களில் சம்மதச் செய்திகள் வரிசையாக வந்துவிடும்: இன்ன ஊர்ப் பெண், இன்ன உயரம், இன்ன கல்லூரிக்குச் சம்மதம் சொல்லிவிட்டார்.

ரசிகர்கள் இந்தச் செய்திகளை ஆட்ட முடிவுகளைப் போலவே படிக்கிறார்கள். எந்தக் கல்லூரிக்கு எத்தனை நட்சத்திர மாணவிகள் கிடைத்தார்கள் என்று தரவரிசைகூட உண்டு. 2019-ல் விதி இறுகுவதற்கு முன்பு நிலைமை இன்னும் மோசம். எட்டாம் வகுப்புச் சிறுமிகள்கூட வாய்மொழியாகச் சம்மதம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உயரம்கூட முழுதாக வளராத வயதில் ஒரு பெண்ணின் கல்லூரியை முடிவுசெய்யும் அவசரத்துக்கு அந்த விதி போட்ட கட்டு மிகவும் தேவையான ஒன்று.

ஆனால் இந்தப் பட்டியல்கள் கோப்பையைப் பற்றி எவ்வளவு சொல்கின்றன? கடந்த சில ஆண்டுகளின் முடிவுகளைப் பார்த்தால், மிகக் கொஞ்சம்தான் என்று தெரிகிறது. பதினைந்து வயதுப் பெண்ணின் சம்மதத்துக்கும் அவர் கையில் கோப்பை வருவதற்கும் இடையே ஆறேழு ஆண்டுகள் இருக்கின்றன. அதற்குள் பயிற்சியாளர் மாறலாம், முழங்கால் போகலாம், கல்லூரியே மாறலாம். இறுதிப்போட்டி மேடையில் ஏறுபவர்கள் பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் ஆண்டு மூத்த வீராங்கனைகள்தான். எனவே ரசிகர் கவனிக்க வேண்டிய செய்தி, புதிதாக யார் வருகிறார் என்பதைவிட, பயிற்சியாளர் நாற்காலி ஆட்டம் கண்டபோது மூத்தவர்களில் யார் தங்கினார், யார் போனார் என்பதே.

இதை அளந்து பார்க்க நெப்ராஸ்காவைவிடச் சிறந்த இடம் இல்லை. சுமார் இருபது லட்சம் மக்கள்தொகை கொண்ட அந்த விவசாய மாநிலத்தில் பெண்கள் வாலிபால்தான் ஊர்த் திருவிழா. லிங்கன் நகரில் அவர்களது சொந்த மைதான ஆட்டங்களுக்கு 2001 முதல் டிக்கெட் மிஞ்சியதே இல்லை. 2023 ஆகஸ்ட் 30 அன்று கால்பந்து மைதானத்தின் நடுவில் வாலிபால் களம் அமைத்து ஆடினார்கள். பார்க்க வந்தவர்கள் 92,003 பேர். டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியின் தலைவி ஜோர்டான் லார்சன், இதே மாநிலத்தின் ஹூப்பர் என்ற சிற்றூரில் வளர்ந்து இதே பல்கலைக்கழகத்தில் ஆடியவர்.

அந்த 2023-ல் நெப்ராஸ்காவில் சேர்ந்த முதலாண்டு வீராங்கனைகள், நாட்டிலேயே முதலிடம் தரப்பட்ட அணிச் சேர்க்கை. மிச்சிகனிலிருந்து அட்டாக்கர் ஹார்ப்பர் முர்ரே, தெற்கு டகோட்டாவிலிருந்து செட்டர் பெர்கன் ரைலி, கொலராடோவிலிருந்து நடுவரிசை பிளாக்கர் ஆண்டி ஜாக்சன், வடக்கு கரோலினாவிலிருந்து தற்காப்பு வீராங்கனை லேனி சோபாய், ஒஹையோவிலிருந்து கரோலின் ஜுரேவிசியஸ். முதல் நால்வரும் வந்த ஆண்டிலேயே வழக்கமான ஆட்டக்காரர்கள் ஆனார்கள். இறுதிப்போட்டிக்கு வரும்வரை அந்த சீசனில் ஒரே ஒரு ஆட்டத்தில்தான் தோற்றிருந்தார்கள்.

இறுதியில் எதிரே நின்றது டெக்சாஸ். அங்கே ஆஸ்ஜியா ஓ'நீல் இருந்தார். இரண்டு முறை இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டு, கல்லூரியில் ஆறாவது ஆண்டாக ஆடிக்கொண்டிருந்தவர். மேடிசன் ஸ்கின்னர் இருந்தார். கென்டக்கியில் ஒரு சாம்பியன் பட்டம் வென்றுவிட்டு டெக்சாஸுக்கு மாறி, 2022-ல் இங்கும் ஒன்று வென்றவர். முதல் செட் டெக்சாஸுக்கு 25-22 என்று நெருக்கமாகத்தான் போனது. அதற்கப்புறம் டெக்சாஸின் சர்வீஸ் நெப்ராஸ்காவைப் பிய்த்துப் போட்டது. அந்தச் சர்வீஸ்களில் முதல் தொடுகையே தடுமாறியது. முதல் தொடுகை கோணலாகப் போனால் செட்டர் வலையை விட்டு ஓட வேண்டும். ஓடியபடி தூக்கும் பந்து எங்கே போகும் என்று எதிர்த் தரப்பு பிளாக்கருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். 25-14, 25-11. இரண்டு செட்டுகளும் கைவிட்டுப் போயின.

திறமையில் அந்த நெப்ராஸ்கா பெண்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. ஒரு மோசமான தொடுகைக்குப் பிறகு அடுத்த சர்வீஸுக்குள் மனசைச் சமன்செய்யும் பழக்கம் மட்டும் பதினெட்டு வயதில் இன்னும் முழுதாக வந்திருக்கவில்லை. தரவரிசைப் பட்டியலில் அதற்கு ஒரு கட்டமும் கிடையாது.

அடுத்த ஆண்டுக் கதை இன்னும் அழுத்தமானது. ஐந்து பேரில் முதலாண்டில் களமிறங்காமல் பயிற்சியோடு நின்ற ஜுரேவிசியஸ், டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாகப் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2018-ல் தொடங்கிய இந்தப் பதிவேட்டில் பெயர் கொடுத்துவிட்டால் மற்றக் கல்லூரிகள் அந்த வீராங்கனையை அணுகலாம். 2021 முதல், முதல் முறை மாறுபவர் பழைய கல்லூரியின் சம்மதம் இல்லாமலே உடனே ஆடலாம்; 2024 முதல், படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம்.

2024 டிசம்பரில் லூயிவில் நகரில் நடந்த அரையிறுதியில் நெப்ராஸ்காவும் பென் ஸ்டேட்டும் மோதின. நெப்ராஸ்கா முதல் இரண்டு செட்டுகளை வென்றது. மூன்றாவது பென் ஸ்டேட்டுக்குப் போனது. நான்காவது செட்டில் 22-16 என்று முன்னணி. மூன்று புள்ளி எடுத்தால் இறுதிப்போட்டி. அந்த இடத்திலிருந்து பென் ஸ்டேட் ஒவ்வொரு புள்ளியாக ஏறி வந்து 28-26 என்று செட்டைப் பிடுங்கியது. ஐந்தாவது செட் 15-13. வென்ற பக்கத்தில் ஜுரேவிசியஸ் நின்றிருந்தார்.

ஆனால் அந்த அணியைத் தூக்கி நிறுத்தியவர் ஜெஸ் மிருசிக். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆடியவர். 2022 சீசன் முடிந்ததும் அங்கே நெடுநாள் பயிற்சியாளர் மார்க் ரோசன் விலக்கப்பட்டார். மிருசிக் பென் ஸ்டேட்டுக்கு வந்தார். கோவிட் காலத்துக்கு ஈடாகக் கிடைத்த கூடுதல் ஆண்டையும் சேர்த்து 2024 அவருக்கு ஐந்தாவது ஆண்டு. இறுதிப்போட்டியில் லூயிவில் பல்கலைக்கழகத்தை 3-1 என்று வீழ்த்தியபோது இறுதிச்சுற்றின் சிறந்த வீராங்கனை அவரே. எதிர்ப்பக்கத்தில் லூயிவிலுக்கு நேர்ந்ததும் கவனிக்க வேண்டியது. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து, ஐந்தாவது ஆண்டாக அணியைச் சுமந்த அன்னா டிபீர் அரையிறுதியில் கணுக்காலில் அடிபட்டு, சொந்த ஊர் இறுதிப்போட்டியில் களமிறங்க முடியாமல் போனது. அவர் இல்லாத குறையை லூயிவிலால் முழுதாக அடைக்க முடியவில்லை.

அந்த இறுதிப்போட்டி வேறொரு வகையிலும் வரலாறு. 1981-ல் என்சிஏஏ பெண்கள் வாலிபால் பட்டம் தொடங்கியதிலிருந்து 2023 வரை 43 பட்டங்கள். அத்தனையும் ஆண் பயிற்சியாளர்களின் அணிகளுக்கே. 2024-ல் இரு பக்கமும் பெண்கள்: பென் ஸ்டேட்டில் கேட்டி ஷூமாக்கர்-கௌலி, லூயிவிலில் டானி பஸ்பூம் கெல்லி. ஷூமாக்கர்-கௌலி 1999-ல் பென் ஸ்டேட் முதல் பட்டம் வென்றபோது அந்த அணியில் ஆடியவர். ஏழு பட்டங்கள் வாங்கித் தந்த ரஸ் ரோஸ் ஓய்வுபெற்றபின், 2022 ஜனவரியில் பொறுப்பேற்றவர். 2024 சீசன் நடுவே தமக்கு மார்பகப் புற்றுநோய் என்று அறிவித்துவிட்டு, கீமோதெரபி எடுத்துக்கொண்டே அணியை நடத்தினார். அந்த டிசம்பர் மாலையில் அவர் கோப்பையைத் தூக்கியதைப் பார்த்தவர்கள் எந்த அணியின் ரசிகர் என்ற பேதமில்லாமல் எழுந்து நின்று கைதட்டினார்கள் என்றால், அது அவருக்கு முழுத் தகுதியான மரியாதை.

அடுத்த சில வாரங்களில் பயிற்சியாளர் உலகமே இடம் மாறியது. 2025 ஜனவரி இறுதியில் நெப்ராஸ்காவின் ஜான் குக் ஓய்வை அறிவித்தார். 25 சீசன்கள், நான்கு பட்டங்கள். அவர் இடத்துக்கு வந்தவர் லூயிவிலின் பஸ்பூம் கெல்லி. நெப்ராஸ்கா பண்ணைக் குடும்பத்துப் பெண். செட்டராகச் சேர்ந்து, தற்காப்புக்கென்றே ஆடும் லிபரோவாக மாறி 2006-ல் அதே குக்கிடம் பட்டம் வென்றவர். 2015 பட்டத்தின்போது அவருக்குத் துணைப் பயிற்சியாளர். லூயிவில் உடனேயே துணைப் பயிற்சியாளர் டான் மெஸ்கியை உயர்த்தியது. பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் மேரி வைஸ் விடைபெற்றார். 1991 முதல் அங்கே இருந்தவர், 2003-லேயே தம் அணியை இறுதிக்குக் கொண்டுபோன முதல் பெண் பயிற்சியாளர், 2017-லும் போனார், இரண்டிலும் தோல்வி. ஷூமாக்கர்-கௌலி ஏறிய படிக்கட்டின் பாதியைக் கட்டியவர் வைஸ் என்று சொன்னால் மிகையில்லை.

குக் விலகிய செய்தி வந்ததும் நெப்ராஸ்கா ரசிகர்களின் முதல் கேள்வி, பெண்கள் தங்குவார்களா என்பதுதான். சரியான கேள்வி. ஒரு மாணவி பதினைந்து வயதில் சம்மதம் சொல்வது பெரும்பாலும் கட்டடத்துக்கோ சீருடைக்கோ இல்லை. வீட்டுக்கு வந்து அம்மா அப்பாவிடம் பேசிய அந்தப் பயிற்சியாளருக்கு. அவர் போய்விட்டால் அந்தப் பெண்ணுக்கு என்ன கடன்? முன்பெல்லாம் பயிற்சியாளர் மறுநாளே வேறு கல்லூரியில் வேலைக்குச் சேரலாம். வீராங்கனை மாறினால் ஓராண்டு உட்கார வேண்டியிருக்கலாம். போர்ட்டலைத் துரோகம் என்று பேசும் ரசிகர்கள் இந்த அநியாயத்தை மறந்துவிடுகிறார்கள். பயிற்சியாளருக்கு எப்போதும் இருந்த உரிமை வீராங்கனைக்கும் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நெப்ராஸ்காவில் முர்ரே, ரைலி, ஜாக்சன், சோபாய் நால்வரும் தங்கினார்கள். மாற்றம் வெளியில் நடக்காமல் குடும்பத்துக்குள்ளேயே நடந்தது அதற்கு ஒரு காரணம். பஸ்பூம் கெல்லியின் முதல் சீசனில் அணி தோல்வியே இல்லாமல் காலிறுதிவரை வந்தது. அங்கே, சொந்த ஊரில், ஐந்து செட் ஆட்டத்தில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் (மேலே சொன்ன டெக்சாஸ் அல்ல, வேறு பல்கலைக்கழகம்) அவர்களை வீழ்த்தியது. வீழ்த்தியதோடு நிற்காமல், இறுதியில் கென்டக்கியை மூன்றே செட்டில் வென்று, தன் முதல் பட்டத்தையும் எடுத்துக்கொண்டது.

ஏ அண்ட் எம் அணியின் லோகன் லெட்னிக்கியைத்தான் இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். அவர் 2022-ல் சேர்ந்தார். முதல் சீசன் முடிந்ததும் அவரைத் தேர்ந்தெடுத்த பயிற்சியாளர் நீக்கப்பட்டார். மிச்சிகனில் மிருசிக்குக்கு நேர்ந்த அதே குளிர்காலம், அதே நிலைமை. மிருசிக் போனார், லெட்னிக்கி இருந்தார். புதிதாக வந்த ஜேமி மாரிசன், நெதர்லாந்து தேசிய மகளிர் அணிக்குப் பயிற்சியளித்தவர். தாம் தேர்ந்தெடுக்காத பெண்களைத் தம் பெண்களாக ஏற்றுக்கொண்டு, அவர்களைச் சுற்றி அணியைக் கட்டினார். நான்காவது ஆண்டில் லெட்னிக்கி கையில் கோப்பை. அவரோடு தாக்குதலைச் சுமந்த கிண்டால் ஸ்டோவர்ஸ், பேலர் பல்கலைக்கழகத்தில் தலையில் அடிபட்ட பாதிப்பால் ஆட்டத்தையே விட்டு விலகியிருந்தவர். பிறகு மருத்துவ அனுமதி பெற்று ஏ அண்ட் எம்மில் சேர்ந்தார். இவரது வருகையை எந்த நட்சத்திரப் பட்டியலும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது.

மூத்தவர்களின் ஆதிக்கத்துக்குக் கோவிட் கொடுத்த கூடுதல் ஆண்டுதான் காரணம் என்று ஒரு வாதம் உண்டு. மிருசிக், ஓ'நீல் விஷயத்தில் அது ஓரளவு உண்மை. லெட்னிக்கிக்கு அந்தச் சலுகை கிடையாது. சாதாரண நான்கே ஆண்டுகளில் அவர் அங்கே போய்ச் சேர்ந்தார். ஆகவே அந்த வாதம் முழுதாக நிற்கவில்லை.

அடுத்து வரப்போகும் மாற்றம் பணத்தில் இருந்து வருகிறது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஹவுஸ் வழக்குச் சமரசம், பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தர வழிசெய்தது. இதில் சேர்ந்த கல்லூரிகளில் வாலிபால் அணிக்கு 18 பேர் என்று உச்சவரம்பு. முன்பு முழு உதவித்தொகை 12 பேருக்குத்தான்; இனி 18 பேருக்கும் தரலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் போர்ட்டலில் இருந்து ஒரு இருபத்தொரு வயது அட்டாக்கரை எடுக்கும்போது, அந்த 18-ல் ஒரு இடம் பள்ளி மாணவிக்கு இல்லாமல் போகிறது. நாடு முழுக்கப் பள்ளி அணிகளில் வாலிபால் ஆடும் பெண்கள் நான்கரை லட்சத்துக்கும் மேல். பட்டியலின் உச்சியில் உள்ள ஐம்பது பேருக்கு இதனால் ஒன்றும் ஆகாது. நசுங்கப்போவது இருநூறாவது, முந்நூறாவது இடத்தில் இருப்பவர். இரண்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொண்டு மூன்றாம் ஆண்டில் மலரக்கூடியவர். பயிற்சியாளர்கள் அந்தப் பெண்ணுக்காக இரண்டு இடமாவது ஒதுக்கிவைக்க வேண்டும். அவசர வெற்றிக்காக அதை விட்டுக்கொடுத்தால், நான்காண்டு கழித்து அணியில் மூத்தவர்கள் என்று சொல்ல ஆள் இருக்காது.

2023-ல் நெப்ராஸ்காவுக்கு வந்தவர்களுக்கு 2026 நான்காவது ஆண்டு. இதுவரை ஒரு இறுதி, ஒரு அரையிறுதி, ஒரு காலிறுதி; கோப்பை இல்லை. செட்டர் ரைலிக்கும் அட்டாக்கர் முர்ரேக்கும் இப்போது லெட்னிக்கி பட்டம் வென்ற அதே வயது வருகிறது. அந்த அணி கலையாமல் களமிறங்கினால், டெக்சாஸின் சர்வீஸ் அன்று பறித்த அந்த முதல் தொடுகை இப்போது எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பதைத்தான் முதல் ஆட்டத்திலிருந்தே பார்க்க வேண்டும்.