மாதங்கியின் பறை

ஒவ்வொரு நிலத்திற்கும் அதற்குரிய பறை உண்டு என்பது தமிழர்தம் பழைய கொள்கை. தொல்காப்பியர் கருப்பொருள்களைத் தொகுத்துரைத்தபோது தெய்வத்தோடும் உணவோடும் பறையினையும் சேர்த்து எண்ணினார். குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என உரைகாரர் அதனை விரித்தனர். நிலத்தில் நிலைபெற்று வாழ்வோர்க்கு இவ்வாறு பறை வகுக்கப்பட்டதாயின், நிலம் பெயர்ந்து அலைவோர்க்கு உரிய பறை யாது? எம்.ஐ.ஏ. என்னும் பெயரால் உலகறிந்த மாதங்கி அருட்பிரகாசத்தின் இசையை ஆராயப் புகுவார் இவ்வினாவினின்றே தொடங்குதல் வேண்டும்.

மாதங்கி 1975 ஆம் ஆண்டு இலண்டனிற் பிறந்தார். தந்தையார் அருட்பிரகாசம், அவ்வாண்டிலேயே இலண்டனில் ஈரோஸ் இயக்கத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவர். அருளர் என்னும் பெயரால் அறியப்பட்டவர். கைக்குழந்தையாக இலங்கைக்குக் கொணரப்பட்ட மகள், யாழ்ப்பாணத்திற் சிறுபருவத்தைக் கழித்து, 1986 இல் தாயாருடன் ஏதிலியாக மீண்டும் இலண்டனை அடைந்தார். அங்கே சென்ற் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் திரைப்படக் கலை பயின்றார். முறையான இசைப்பயிற்சி பெறாத அவர் கைக்கு எட்டியது ரோலண்ட் எம்.சி. 505 என்னும் தாளப்பொறி. அப்பொறியில் அமைத்த தாளங்களிலிருந்து வளர்ந்ததே 2005 இல் வெளிவந்த 'அருளர்' என்னும் முதல் இசைத்தொகுதி. அவ்வாண்டின் மேர்க்குரிப் பரிசிற்குத் தெரிந்தெடுக்கப்பட்டவற்றுள் அதுவும் ஒன்றாயிற்று.

இவ்விசையின் முதுகெலும்பு யமேக்கா நாட்டு டான்ஸ்ஹோல். 1970களின் பிற்பகுதியில், கிங்ஸ்டன் நகரத்து எளிய மக்களின் தெருக்களிலே, பெரிய ஒலிபெருக்கிகளைச் சூழ்ந்து ஆடிய ஆட்டத்திற் பிறந்தது அது. ஒரு தாளக்கட்டினைப் பலர் எடுத்து, அதன்மேல் தத்தம் சொற்களை ஏற்றிப் பாடுவது அதன் மரபு. அத்தாளமே பனாமா, புவேர்ட்டோ ரிக்கோ ஆகிய நாடுகளிற் புகுந்து, எசுப்பானிய மொழியில் ரெகேட்டனாக உருமாறியது.

இச்செய்தி கொழும்புத் தமிழர்க்குப் புதுமையாகத் தோன்றாது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் திருமணக் கொண்டாட்டங்களில் முழங்கும் பைலாவின் வரலாறும் இதனை ஒத்ததே. 'பைலா' என்ற சொல் ஆடுதல் எனப் பொருள்படும் ஐபீரிய மொழிச் சொல்லின் வழிவந்தது. போர்த்துக்கேயர் காலத்தே இத்தீவிற்குக் கொணரப்பட்ட ஆபிரிக்க மக்களின் தாளம் அதன் அடிநாதமாயிற்று. சிங்களத்தில் வளர்ந்த அவ்விசை, ஏ. ஈ. மனோகரன் பாடிய 'சுராங்கனி' வாயிலாக 1970களிற் பாக்குநீரிணையையும் கடந்து தமிழகத்தை ஆட்கொண்டது. கப்பலேற்றி விற்கப்பட்டோரின் தாளம் துறைமுகந்தோறும் இறங்கி, அவ்வவ்விடத்து மொழியை உடுத்துக்கொண்டது என்பதே இவ்விரு வரலாறுகளும் உணர்த்தும் உண்மை.

எனினும் தாளத்தை இரவல் பெறுவோர் யாவரும் ஒரே நிலையினர் அல்லர். எசுப்பானியப் பாடகி ரோசாலியா, பிளமெங்கோ மரபிற் பயின்று, 2022 இல் வெளியிட்ட 'மொட்டோமாமி' தொகுதியில் ரெகேட்டனைத் தழுவியபோது, கரீபியத்தார் செல்வத்தை ஐரோப்பியர் ஒருவர் எடுத்தாளல் தகுமோ என்ற வினா எழுந்தது. மாதங்கிக்கும் அவ்வினா பொருந்தும். அதற்கு அவர் தந்த விடை 2007 இல் வந்த 'கலா' என்னும் இரண்டாந் தொகுதி. தாயார் பெயர் தாங்கிய இத்தொகுதியை அமெரிக்காவில் உருவாக்க எண்ணியிருந்தார். அந்நாடு 2006 இல் நுழைவிசைவு மறுத்தமையால், இந்தியா, யமேக்கா, திரினிடாட், லைபீரியா, அவுஸ்திரேலியா எனப் பல நிலங்களில் அலைந்து ஒலிப்பதிவு செய்தார். 'பேர்ட் ஃபுளூ', 'போய்ஸ்' ஆகிய பாடல்களில் தமிழகத்து உறுமிமேளம் டான்ஸ்ஹோல் தாளத்தோடு மோதி முழங்குகின்றது. முதற்பாடலாகிய 'பம்பூ பங்கா'வில் 'தளபதி' (1991) திரைப்படத்திற்கு இளையராஜா அமைத்த 'காட்டுக்குயிலு' பாடலின் ஒலித்துணுக்குக் கேட்கின்றது. பெற்ற தாளத்திற்கு ஈடாகத் தன்னினத்துத் தாளத்தையும் அவையில் வைக்கும் பண்பு இங்கே புலனாகின்றது. வாங்குவோர் தாமும் கொடுப்போராக நிற்குமிடத்து இரவல் உறவாகின்றது.

மாதங்கி என்ற பெயரும் இங்கே எண்ணத்தக்கது. தசமகா வித்தைகளுள் ஒருத்தியாகிய மாதங்கி, இசைக்கும் வாக்குக்கும் தெய்வம். விலக்கப்பட்டோர் வணங்குதற்கு உரியவள். உச்சிட்டத்தை, அஃதாவது உண்டு எஞ்சியதைப் படையலாக ஏற்பவள். பாடகியும் இத்தொடர்பினை உணர்ந்தே 2013 இல் வந்த தொகுதிக்கு 'மாதங்கி' எனப் பெயர் சூட்டினார். பிறர் பாடி எஞ்சிய ஒலித்துணுக்குகளைப் பொறுக்கிப் புதிய படையலாக்கும் அவர் கலைக்கு இதனினும் பொருத்தமான பெயர் வேறில்லை.

இனி, அவர் கலையின்மீது சுமத்தப்படும் கடுமையான குற்றம் ஒன்றுண்டு. 'அருளர்' தொகுதியின் மேலட்டையிற் பீரங்கி வண்டிகளும் வெடிகுண்டுகளும் வண்ணக்கோலங்களாகப் பொறிக்கப்பட்டன. 'பேப்பர் பிளேன்ஸ்' என்னும் பாடலின் பல்லவியிலே துப்பாக்கி வேட்டொலி தாளமாக அமைந்தது. இலண்டன் நடனக்கூடத்தில் அவ்வொலி காலை எழுப்பும். பதுங்குகுழியில் இரவைக் கழித்தவர்க்கோ அது நெஞ்சை அடைக்கும். பிறர் துயரை அணிகலமாக்குதல் கலையாகாது. மேலட்டைக் கோலங்களைப் பொறுத்தவரை இக்குற்றச்சாட்டை மறுத்தற்கில்லை.

ஆயினும் 'பேப்பர் பிளேன்ஸ்' வேறு வகையினது. குடியேறி வந்தோரைக் கள்வரென்றும் கொலைஞரென்றும் அஞ்சும் மனத்தின் கற்பனையையே அப்பாடல் சிறுவர் குரலில் பாடிக் காட்டி எள்ளி நகையாடுகின்றது. அதன் அடித்தளமாக எடுத்தாளப்பட்ட 'த கிளாஷ்' குழுவினரின் 1982 ஆம் ஆண்டுப் பாடலும் ஏற்பாரற்ற மக்களைப் பற்றியதே. வேட்டொலியை அடுத்துக் காசுப்பெட்டி திறக்கும் ஓசை கேட்பதனால், அஃது அங்கதம் என்பது வெளிப்படை. நுழைவிசைவு மறுக்கப்பட்டவரின் அப்பாடல் 2008 இல் அமெரிக்கப் பாடல் வரிசையில் நான்காம் இடத்தைப் பெற்றமை அவ்வங்கதத்திற்குக் காலம் எழுதிய கடைசி அடி எனலாம்.

அங்கதம் தளர்ந்து முழக்கம் மேலோங்கிய இடங்களில் அவர் கலை தாழ்வுற்றது. 2010 இல் வந்த 'மாயா' தொகுதியில் இயந்திரப் பேரோசை பாடலை விழுங்கிவிடுகின்றது. செய்தி உரத்து ஒலிக்கின்றது, தாளம் மெலிகின்றது. சொல்லால் வாதிடும்போது மாதங்கி பலருள் ஒருவர். பறையால் வாதிடும்போதோ அவருக்கு நிகராவார் சிலரே.

ஆங்கிலத்திற் பாடப்பட்ட இவ்விசையைத் தமிழிசை வரலாற்றில் வைத்து எண்ணலாமோ என ஐயுறுவார் உளர். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து வருந்துமிடத்துப் பாலை தோன்றும் என்றார் இளங்கோவடிகள். பாலைக்கெனத் தனிநிலம் இல்லை. எனினும் அதற்கும் துடி என்னும் பறையினை வகுத்தனர் முன்னோர். எம்.ஐ.ஏ. என்னும் எழுத்துக்கள் போர்க்களத்திற் காணாமற் போனோரைக் குறிக்கும் படைத்துறைக் குறியீடு. அப்பொருளின் கனம் இத்தீவில் அறியாதார் இலர். காணாமற் போனோர் எனக் கணக்கெழுதப்பட்ட ஓர் இனத்தின் மகள், தாம் காணாமற் போகவில்லை என்பதைத் தாளத்தால் அறிவித்தார். மொழி பெயர்ந்தது; நிலம் பெயர்ந்தது; உறுமியின் உறுமல் பெயரவில்லை. பாலைக்குரிய பறைகளுள் இதுவும் ஒன்றெனக் கொள்ளுதல் தமிழ் மரபிற்கு முரணாகாது.